இதர சரக்கு

தஞ்சோங் பகார் யார்டில்
எனக்கு இரவு வேலை, எண் எடுப்பது.
ஒரு கையில் அரிக்கேன், மறு கையில் அட்டை,
காதில் பென்சில்.
வண்டியின் விலாவில் இருப்பதைத்
தாளில் இறக்கினால் போதும்.
படிக்கத் தெரிந்திரு, யோசிக்கத் தேவையில்லை
என்று சேர்த்த அன்றே சொல்லிவிட்டார்
பெரிய கிளார்க் குணநாயகம்.

ஆறு மாதத்தில் பாதி கணக்கை மூக்கே முடித்தது.
அடுப்புப் புகையும் வியர்வையும் கலந்தால் ரப்பர் ஷீட்.
கண் எரிந்தால் பால் டாங்கி, அமோனியா.
அன்னாசி வண்டிக்கு விளக்கே வேண்டாம்,
தண்டவாளத்தோரம் எறும்பு வரிசை காட்டிக்கொடுக்கும்.
பிரானித் தீவு உலைக்குப் போகும்
ஈய மணலுக்கு வாடையில்லை.
எட்டிப் பார்த்தால் வண்டி பாதிகூட நிறைந்திருக்காது,
அடியில் ஸ்பிரிங் தகடுகள் மட்டும்
கடன்காரன் முதுகாக வளைந்து கிடக்கும்.

கீழே வருவது அதிகம், மேலே போவது குறைவு.
அரிசி, மாவு, சிமெண்டு, மண்ணெண்ணெய்
என்று எதை ஏற்றினாலும்
பத்துக்கு நாலு காலியாகத்தான் திரும்பும்.
காலி மைல்.
கோலாலம்பூர் துரைகளுக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.
மாதாமாதம் சுற்றறிக்கை வரும்:
காலி மைலைக் குறை.

நாற்பத்தொன்பது நவம்பர்.
மழை விட்டுக் கப்பல்துறைப் பக்கம்
தவளைகள் ஆரம்பித்திருந்த நேரம்.
கிம்மாஸ் வண்டியின் வாலிலிருந்து மூன்றாவது:
நாலு சக்கர மூடு வண்டி, உடம்பெல்லாம் இரும்பு.
எங்கள் எண்ணின் மேல் வேறு எழுத்து,
அதன் மேல் இன்னொரு எழுத்து,
ஒரே தோலில் மூன்று அரசாங்கம்
பச்சை குத்தியிருந்தது.
நகத்தால் சுரண்டினேன்.
கடைசி இலக்கம் மூன்றா எட்டா என்று
அரை மணி நேரம்.

எட்டு.
பேரேட்டில் தேடினால் சிவப்பு மையில் கோடு:
போரில் தொலைந்தது.

கதவைத் தள்ளினோம்.
துரு; ஒரு மூலையில் தேங்கிய மழை நீர்.
ஷண்டர் வீரபத்திரன் வாசலில் நின்றான்,
கொக்கிக் கம்பைக் கைமாற்றிக்கொண்டே.
பிறகு ஏறிப்போய்
இடதுபக்க மூலையில் குந்தினான்,
முழங்காலைத் தாடை வரை இழுத்து.

"இப்படி.
என் காலிடுக்குல ஒருத்தன்.
அவன் காலிடுக்குல ஒருத்தன்.
பகல்ல செவுத்தத் தொட்டா தோசைக்கல்லு.
பான்போங் போய்ச் சேர அஞ்சு நாளு."

இதே வண்டியா?

"எல்லாம் ஒரே அச்சுல அடிச்சதுதான."

எத்தனை பேர் என்று கேட்டேன்.

"நான் எண்ணல.
எண்ணுறது உன் வேலை."

இறங்கினான்.
விசில் கேட்டதும் அடுத்த ரோட்டுக்குப் போய்விட்டான்.

அட்டையைப் பிடித்தபடி நின்றேன்.
ரப்பர், ஈயம், பழம், எண்ணெய், உயிருள்ளவை, இதர
என்று ஆறு கட்டம்.
உயிருள்ளவை என்றால் மாடும் பன்றியும்.
அதற்கு விதி உண்டு, பின்பக்கம் அச்சடித்திருக்கும்:
வண்டிக்கு இத்தனை உருப்படி,
இத்தனை மணிக்கு ஒரு தடவை தண்ணீர்,
செத்தால் எந்த ஸ்டேஷனில் எழுத வேண்டும்,
யார் கையெழுத்துப் போட வேண்டும்.

இதர கட்டத்தில் பென்சிலை வைத்தேன்.
எழுதவில்லை. ஒரு புள்ளி விழுந்தது.

காலையில் குணநாயகம் கேட்டார்,
இதென்ன புள்ளி?
வண்டியில் என்ன இருந்தது?
ஒன்றுமில்லை.
அப்போ காலி என்று எழுது.
எழுதினேன்.
அவர் பேரேட்டை இழுத்து
சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில்
அழகான சாய்வெழுத்தில் சேர்த்தார்:
மீண்டது. ஓட்டத்துக்குத் தகுதி.
ஒரு வண்டி கூடியதில்
அவருக்கு மெய்யான சந்தோஷம்.
அன்று எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை அதில் ரங்கூன் அரிசி ஏற்றினார்கள்,
பத்து டன், குளுவாங் வரைக்கும்.
அந்தத் தடவை காலி மைல் இல்லை.
ஈய முத்திரையைக் கோத்துக்
கம்பியை முறுக்கியவன் வீரபத்திரன்.
தாழ்ப்பாளை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான்.

"நல்ல வண்டி," என்றான்.
"கதவு இறுக்கமா மூடும்."